டிங் லிரென் செய்தது அற்பத் தவறா? உலக சாம்பியன்களின் பெரும் பிழைகள் எப்படி நேர்கின்றன

நீங்கள் கேட்டது இது: "2024 உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷ் ஜெயித்தது, கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் செய்த அற்பத் தவறால்தானே? இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் இப்படிச் சறுக்கியது செஸ் வரலாற்றில் வேறு எப்போதாவது உண்டா?" இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அது அதிர்ஷ்டமா என்பது ஒன்று. உலகத்தின் உச்சியில் இருப்பவருக்கு, ஒரு பள்ளி மாணவன் பார்த்துவிடக்கூடிய விஷயம் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. காய்களுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. மூலையில் நின்று நேர்கோட்டில் போவதை யானை என்றும், குறுக்குக் கோட்டில் போவதைப் பிஷப் என்றும் எழுதுகிறேன். சிலர் பிஷப்பை மந்திரி என்பார்கள், வேறு சிலர் ராணியையே மந்திரி என்பார்கள், குழப்பம் வேண்டாம். கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 என்றும் குறிக்கிறேன். ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. இந்தப் பிழைகள் படிக்கும்போது புரிவதைவிடக் காயைக் கையில் பிடித்து நகர்த்தும்போது நன்றாகப் புரியும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 13 ஆட்டம் முடிந்து இருவரும் 6½ - 6½. 14ஆவது, அதாவது கடைசி ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் வெள்ளை. 54 நகர்த்தல் முடிந்தபோது பலகை இப்படி இருந்தது. வெள்ளைக்கு ராஜா ஜி1, யானை எஃப்4, பிஷப் ஏ8, ஒரே ஒரு சிப்பாய் ஜி3. கறுப்புக்கு ராஜா இ5, யானை பி2, பிஷப் இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் இது டிரா ஆக வேண்டிய நிலை. வெள்ளை தன் யானையைப் பலகையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தால் போதும். டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, "யானைகளை மாற்றிக்கொள்வோம்" என்றார். அங்கே ஆட்டம் முடிந்தது.

ஏன் முடிந்தது என்பதை நிதானமாகப் பாருங்கள். குகேஷின் யானை எஃப்2-வில் வெட்டுகிறது, வெள்ளை ராஜா திருப்பி வெட்டுகிறது. இப்போது கறுப்பு பிஷப் இ6-இலிருந்து டி5-க்கு வருகிறது. வெள்ளை பிஷப் நிற்பது ஏ8, அதாவது மூலை. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு கோடுதான்: பி7, சி6, டி5 என்று இறங்கும் கோடு. அந்தக் கோட்டின் வாசலிலேயே எதிரி பிஷப் வந்து உட்கார்ந்துவிட்டது. பி7-க்கோ சி6-க்கோ போனாலும் அதே கோட்டில்தான் மாட்டியிருக்கும். ஆக, பிஷப் மாற்றத்தைத் தவிர்க்கவே முடியாது. வெள்ளை டி5-இல் வெட்ட, கறுப்பு ராஜா திருப்பி வெட்ட, மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டுமே. அந்த நிலையில் இரண்டு சிப்பாய் ஒன்றை ஜெயிக்கிறது. 58ஆவது நகர்த்தலில் வெள்ளை ராஜா இ3, கறுப்பு ராஜா இ5 என்று நேருக்கு நேர் நின்றன. ஆட வேண்டிய முறை வெள்ளைக்கு. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்த பிஷப் மூலைக்கு எப்படிப் போயிற்று என்பதில்தான் பாடம் இருக்கிறது. இரண்டு நகர்த்தல்களுக்கு முன்புவரை அது பி7-இல் இருந்தது. குகேஷ் 52ஆவது நகர்த்தலில் யானையை பி2-க்குக் கொண்டுவந்து அதைத் தாக்கினார். அது விலகிப் போய் நின்ற இடம்தான் ஏ8. அப்போது அதில் தவறு ஒன்றும் இல்லை. நீளக் கோட்டைக் காவல் காக்க மூலையும் சரியான இடம்தான். அந்த பிஷப் சி6-இல் நின்றிருக்கும்போது யானைகள் மாறியிருந்தால், கறுப்பு பிஷப் டி5-க்கு வந்ததும் அது பி5, டி7 பக்கம் ஒதுங்கியிருக்கும். மூலையில் பிஷப் நிற்பது தனியாகப் பார்த்தால் சரி. யானையை மாற்றலாம் என்ற எண்ணமும் தனியாகப் பார்த்தால் ஏற்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால்தான் தோல்வி. பெரிய ஆட்டக்காரர்களின் பிழைகள் பெரும்பாலும் இந்த வகை. ஒரு காயைச் சும்மா தூக்கிக் கொடுப்பது அல்ல. தனித்தனியாகச் சரியான இரண்டு விஷயங்கள் சந்திக்கும் இடத்தைக் கவனிக்காமல் விடுவது.

ஒரு பழைய விதியும் இங்கே மீறப்பட்டது. சிப்பாய் குறைவாக இருப்பவர் சிப்பாய்களை மாற்றிக்கொள்ள வேண்டும், காய்களை மாற்றக் கூடாது. காய்கள் எல்லாம் கழிந்து வெறும் ராஜா - சிப்பாய் ஆட்டமாகிவிட்டால், ஒரு சிப்பாய் கூடுதல் என்பதன் மதிப்பு பல மடங்கு ஏறிவிடும். டிங்குக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இதுவரை எழுதியது பலகையில் நடந்தது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இனி வருவது ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், அதற்குப் பின் மிச்ச ஆட்டம் முழுவதற்கும் 30 நிமிடம், 41ஆவது நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி கூடுதல் என்பது அந்தப் போட்டியின் நேரக் கணக்கு. டிங்கிடம் மீதி இருந்தது கொஞ்சம், குகேஷிடம் நிறைய. ஆட்டம் டிரா ஆனால் மறுநாள் ரேபிட் டைபிரேக், அதாவது சமநிலையை உடைக்கும் வேக ஆட்டங்கள். 2023 உலக சாம்பியன்ஷிப்பில் இயான் நெப்போம்னியாச்சியை டிங் வென்றதும் ரேபிடில்தான். வெள்ளைக் காய் கையில் இருந்தும் டிங் 29ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டார். அன்று அவர் மனம் டிராவை நோக்கி இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். "இன்னும் கொஞ்சம் காய் மாறினால் முடிந்துவிடும்" என்ற ஆசை வந்துவிட்டால், காய் மாற்றம் தெரிந்தவுடன் கை அங்கே போகும். இதற்கு மேல் அவர் மனத்துக்குள் புகுந்து சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இனி வரலாற்றுக்குப் போவோம். இதே வகையில் மிகப் பழைய, மிகக் கொடுமையான உதாரணம் 1892இல் ஹவானாவில் நடந்தது. வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் சாம்பியன், எதிரே ரஷ்யாவின் மிகைல் சிகோரின். முதலில் 10 ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். 22 ஆட்டம் முடிந்தபோது ஸ்டைனிட்ஸ் 9 வெற்றி, சிகோரின் 8. 23ஆவது ஆட்டத்தில் சிகோரின் ஒரு குதிரை கூடுதலாக வைத்து, ஜெயிக்கும் நிலையில் இருந்தார். ஜெயித்திருந்தால் 9 - 9. அவருடைய ராஜா எச்1, அதன் முன்னே எச்2-வில் அவருடைய சிப்பாய். கறுப்பு யானைகள் இரண்டும் வெள்ளையின் இரண்டாம் வரிசையில், டி2-விலும் இ2-விலும் நின்றன. அந்த எச்2 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது டி6-இல் நின்ற வெள்ளை பிஷப் மட்டுமே. டி6-இலிருந்து இ5, எஃப்4, ஜி3 வழியாக எச்2 வரை ஒரே கோடு.

அந்த பிஷப்புக்கு இரண்டு வேலைகள் இருந்தன. எச்2-வைக் காப்பது ஒன்று. இ7-இல் நிற்கும் தன் யானையைக் கறுப்பு ராஜாவிடமிருந்து காப்பது இன்னொன்று. சிகோரின் 32ஆவது நகர்த்தலில் அதை பி4-க்கு இழுத்து டி2 யானையைத் தாக்கினார். பி4-இலிருந்து சி5, டி6, இ7 என்று பாருங்கள்: இ7 யானைக்குக் காவல் அப்படியே இருக்கிறது. ஒரு வேலை கெடவில்லை, புதிதாக ஒரு தாக்குதலும் கிடைத்தது. மற்ற வேலை மட்டும் கைவிட்டுப் போயிற்று. இ2 யானை எச்2-வில் செக் கொடுத்து வெட்டும், ராஜா ஜி1 போகும், டி2 யானை ஜி2-வில் வந்து செக்மேட். முதல் செக்கிலேயே சிகோரின் ஒப்புக்கொண்டார். பட்டம் ஸ்டைனிட்ஸிடமே நின்றது. ஒரு காய் எங்கே போகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதைப் பார்க்கத்தான் மனம் மறக்கும். இதைவிடத் துல்லியமாக அதைக் காட்டும் ஆட்டம் வேறு இல்லை என்பது என் கணிப்பு.

1956இல் ஆம்ஸ்டர்டாமில், சாம்பியனை எதிர்த்து ஆடப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் டைக்ரான் பெட்ரோசியனுக்கு நடந்தது வேறு மாதிரி. எதிரே டேவிட் பிரான்ஸ்டீன். பலகை முழுவதும் பெட்ரோசியன் கையில். பிரான்ஸ்டீன் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு குதிரையை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தார். அந்தக் குதிரை திடீரென்று எஃப்5-க்கு வந்து, டி6-இல் நின்ற வெள்ளை ராணியைத் தாக்கியது. பெட்ரோசியன் அதைக் கவனிக்காமல் தன் குதிரையை ஜி5-க்கு நகர்த்தினார். ராணி சும்மா போயிற்று. எதிரி பல நகர்த்தல்களாக வெறுமனே காயை ஆட்டிக்கொண்டிருந்தால், அடுத்ததும் அப்படித்தான் என்று மனம் தீர்மானித்துவிடும். காவல் ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவர், பிறகு 1963இல் உலக சாம்பியன் ஆனவர். அவருக்கே இது நடந்தது.

பாபி ஃபிஷரின் கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் பெரும்பாலும் தவறாகச் சொல்லப்படுவது. 1972 ஜூலை 11, ரெய்க்யாவிக், சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு எதிரான பட்டப் போட்டியின் முதல் ஆட்டம், ஃபிஷருக்குக் கறுப்பு. இரு பக்கமும் ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் பிஷப்பும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய, அமைதியான டிரா நிலை. 29ஆவது நகர்த்தலில் ஃபிஷர் தன் பிஷப்பால் எச்2 சிப்பாயை வெட்டினார். ஸ்பாஸ்கி ஜி சிப்பாயை ஜி3-க்குத் தள்ளியதும் பின்வாங்கும் கோடு அடைபட்டது. ஜி1 பக்கம் போனாலும் எஃப்2 சிப்பாய் தடுக்கிறது. பிஷப் கூண்டில் மாட்டிய எலிபோல ஆனது. "இது தொடக்க ஆட்டக்காரன்கூடச் செய்யாத தப்பு" என்று இன்றும் எழுதுகிறார்கள்.

அது அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை. ஃபிஷருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வது பொருத்தமாகவே இருக்கிறது. தன் எச் சிப்பாயை எச்5, எச்4, எச்3 என்று ஓட்டினால் வெள்ளை ராஜாவால் ஜி2-க்கு வந்து பிஷப்பைப் பிடிக்க முடியாது. அது சுற்றிக்கொண்டு ஜி4-க்கு வந்து எச்3 சிப்பாயைப் பிடிக்க வேண்டும். அதற்குள் பிஷப் ஜி1-க்குப் போய் எஃப்2-வை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்தக் கணக்கின் கடைசிப் படியில்தான் ஓட்டை. பிஷப் எஃப்2-வை வெட்டியதும் வெள்ளை பிஷப் டி2-வில் வந்து நின்றால் அங்கேயும் வழி அடைபட்டுவிடுகிறது. அதாவது ஃபிஷர் ஐந்தாறு நகர்த்தல் பார்த்து, அதற்கடுத்த ஒன்றைத் தவறவிட்டிருக்கலாம். ஆட்டத்தில் அவர் அந்த வழியில் போகாமல், பிஷப்புக்கு ஈடாக இரண்டு சிப்பாய் கிடைக்கும்படி ஆடினார். அப்போதும் டிரா எடுக்கும் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. 40ஆவது நகர்த்தலை ஒட்டி இன்னொரு பிழை நேர்ந்த பிறகுதான் ஆட்டம் கைவிட்டுப் போனது. 56ஆவது நகர்த்தலில் ஒப்புக்கொண்டார். பிஷப் மாட்டியது நிச்சயம். அதுவே தோற்கடித்தது என்பது நிச்சயம் இல்லை. டிராவுக்கு ஒத்துப்போகப் பிடிக்காமல் எதையாவது கிளப்பிப் பார்த்தாரா, கணக்கில் சறுக்கினாரா என்பதை இன்று யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது.

அதற்குப் பின் நடந்ததும் நினைவில் வைக்கத்தக்கது. இரண்டாவது ஆட்டத்துக்கு ஃபிஷர் வரவே இல்லை. 0 - 2. மூன்றாவது ஆட்டம் பார்வையாளர் இல்லாத சிறிய அறையில் நடந்தது. அதில் அவர் 11ஆவது நகர்த்தலில் குதிரையை எச்5-இல் கொண்டுபோய் வைத்தார். அதை வெட்டினால் தன் சிப்பாய் அமைப்பு உடையும் என்று தெரிந்தே வைத்தார். ஸ்பாஸ்கிக்கு எதிராக அவர் வாழ்க்கையில் ஜெயித்த முதல் ஆட்டம் அதுதான். ஆறாவது ஆட்டம் முடிந்தபோது தோற்ற ஸ்பாஸ்கியே கை தட்டினார். கடைசிக் கணக்கு 12½ - 8½. முதல் நாள் பிஷப்பை மாட்டவிட்டவர் பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

விளாடிமிர் கிராம்னிக் 2006 நவம்பர் 27 அன்று பான் நகரத்தில் டீப் ஃப்ரிட்ஸ் கணினியிடம் சந்தித்தது, மனக்கண் எப்படிப் பழகியிருக்கிறது என்பதைக் காட்டும். அவர் அப்போது உலக சாம்பியன். இரண்டாவது ஆட்டம், அவருக்குக் கறுப்பு, ராஜா எச்8-இல். வெள்ளை ராணி இ4-இல் நிற்கிறது. 34ஆவது நகர்த்தலில் வெள்ளை குதிரை எஃப்8-இல் யானையை வெட்டியது. ராணி இ4-இலிருந்து எச்7 வரை கோடு திறந்திருக்கிறது. எஃப்8 குதிரை எச்7-க்குக் காவல். அடுத்த நகர்த்தலிலேயே மேட். ராஜாவை ஜி8-க்கு நகர்த்தியிருந்தால் டிரா. கிராம்னிக் ராணியை இ3-க்குக் கொண்டுபோய் ராணி மாற்றம் கேட்டார். எச்7-இல் மேட் ஆனது.

எச்7-இல் மேட் என்றால் குதிரை ஜி5-இலோ எஃப்6-இலோ நின்று ராணிக்குத் துணை கொடுக்கும் படம் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஆயிரம் தடவை பார்த்த படம். எஃப்8-இல், எதிரியின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு குதிரை பின்னாலிருந்து துணை கொடுப்பது மிக அரிது. அதுவும் இப்போதுதான் யானையை வெட்டிவிட்டு அங்கே நிற்கிறது. "வெட்டி முடித்த காய்" என்று மனம் அதை ஓரமாக வைத்துவிடும், தாக்கும் காயாகப் பார்க்காது. இந்த விளக்கமும் ஊகம்தான். ஆனால் நேர நெருக்கடியோ பதற்றமோ காரணம் என்பதைவிட இது நம்பத்தக்கது என்று நினைக்கிறேன். அனுபவம் அதிகமாக அதிகமாகப் பழகிய படங்கள் வேகமாகத் தெரியும். பழகாத படம் அந்த வேகத்திலேயே தவறிப்போகும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எதிரி பிழை செய்தால் வெற்றி தானாக வந்து விழுவதில்லை. அதை நமக்கு மிக வலியோடு காட்டியது 2014 நவம்பர் 15, சோச்சியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். மேக்னஸ் கார்ல்சன் வெள்ளை, விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு, கணக்கு 2½ - 2½. 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். ஆனந்தின் குதிரை இ5 சிப்பாயை வெட்டியிருந்தால், ஜி கோட்டில் யானைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் நடுவில் அதே குதிரை சி4 சிப்பாயையும் வெட்டும். ராஜா டி2-வில் நிற்பதால் அது செக்காக விழும். வெள்ளைக்கு மூச்சு விட நேரம் இல்லை. குதிரை பி2 வழியாக இன்னொரு செக்கும் கொடுக்கும். அதன் பிறகு யானையைத் திருப்பி வெட்டலாம். இரண்டு சிப்பாய் லாபம், ஜெயிக்கும் நிலை. ராஜா வேறு கட்டத்தில் இருந்தால் இந்த செக் கிடையாது, வித்தையும் கிடையாது. கையை எடுத்தவுடனே கார்ல்சன் தன் தவறைக் கண்டுகொண்டார். ஆனந்த் அதிக நேரம் எடுக்காமல் ஏ சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். அவர் தன் திட்டத்தில் இருந்தார். எதிரி பிழை செய்வார் என்ற எதிர்பார்ப்பே இல்லை. எதிர்பாராத பரிசு கண்ணில் படாமல் போய்விடும் என்ற பொருளில் பிறகு அவரே பேசினார். கார்ல்சன் 38 நகர்த்தலில் ஜெயித்தார். போட்டியை 6½ - 4½ என்று வென்றார்.

அந்த ஆட்டத்தையும் 2024 கடைசி ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குகேஷும் யானை எஃப்2-க்கு வந்ததை முதல் நொடியில் கவனிக்கவில்லை என்று ஆட்டத்துக்குப் பின் சொன்னார். ஆனால் கையை உடனே நீட்டவில்லை. பார்த்தார், மூலையில் மாட்டியிருக்கும் பிஷப் தெரிந்தது, அதற்குப் பின் வரும் ராஜா - சிப்பாய் ஆட்டத்தையும் கடைசிவரை எண்ணினார், அதன் பிறகே வெட்டினார். அந்த எண்ணிக்கை தப்பியிருந்தால் ஜெயிக்கும் நிலை கையை விட்டுப் போயிருக்கும்.

அதற்கு முன்னால் இருந்த உழைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 30ஆவது நகர்த்தலில் ராணிகள் மாறியபோதே ராஜா பக்கத்தில் மூன்று சிப்பாய்க்கு இரண்டு என்ற நிலை. நல்ல ஆட்டக்காரர்கள் இதைத் தூக்கத்திலும் டிரா செய்வார்கள் என்பார்கள். பலர் அங்கேயே கை குலுக்கிவிடுவார்கள். குகேஷ் இன்னும் 25 நகர்த்தல் விடாமல் ஆடினார். ராஜாவை முன்னே கொண்டுவந்தார், சிப்பாய்களை மெல்ல நகர்த்தினார், ஒவ்வொரு முறையும் வெள்ளைக்கு ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டிய கட்டாயத்தை வைத்தார். பிஷப்பை பி7-இலிருந்து கிளப்பிய அந்த யானை நகர்த்தலும் அப்படி ஒன்றுதான். 11ஆவது ஆட்டத்திலும் டிங் நேர நெருக்கடியில் ராணியைத் தவறான இடத்துக்கு நகர்த்தி, உடனே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தப் போட்டியில் குகேஷுக்கு மூன்று வெற்றி, டிங்குக்கு இரண்டு, மிச்சம் ஒன்பது டிரா. டிங் 1ஆவது, 12ஆவது ஆட்டங்களில் ஜெயித்தார். 12ஆவது மிக அழகான ஆட்டம். அவர் ஆடத் தெரியாமல் தோற்கவில்லை. அந்த 55ஆவது நகர்த்தல் கடுமையான பிழை என்பது நிச்சயம். குகேஷின் அழுத்தம் இல்லாவிட்டாலும் அது வந்திருக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே அதிர்ஷ்டம் என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

பிழை நகர்த்தலில் மட்டும்தான் வரும் என்றும் இல்லை. 1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் ப்ளூ கணினியுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் கேரி காஸ்பரோவ் 45ஆவது நகர்த்தலுக்குப் பின் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். ராணியை இ3-க்குக் கொண்டுபோயிருந்தால் தொடர்ந்து செக் கொடுத்து டிரா எடுக்கும் வழி இருந்தது என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. கணினி அப்படி ஒரு ஓட்டையை விட்டிருக்காது என்று அவர் நம்பியிருக்கலாம். முழுப் போட்டியையும் 2½ - 3½ என்று இழந்தார்.

இவற்றை வைத்து உங்கள் ஆட்டத்தில் எதைச் செய்யலாம் என்றும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். காயைத் தொடுமுன் மூன்று விஷயம் பாருங்கள். இந்தக் காய் இப்போது நிற்கும் இடத்தில் எதையெல்லாம் காக்கிறது, போனபின் எது காவல் இழக்கும்? இது சிகோரினின் இடம். எதிரி கடைசியாக நகர்த்திய காய் இப்போது எதைத் தாக்குகிறது? இது பெட்ரோசியனின் இடம், கிராம்னிக்கின் இடமும் கூட. எதிரியின் எந்தக் காய்க்குப் போக்கிடம் குறைவு, என்னுடையதில் எதற்குக் குறைவு? இது டிங்கின் இடம், ஃபிஷரின் இடம். காய் மாற்றம் கேட்பதற்கு முன் நான்காவதாக ஒன்று: எல்லாக் காயும் மாறிப்போய் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் யார் ஜெயிப்பது என்று எண்ணிவிட்டு மட்டுமே மாற்றுங்கள். பலர் இந்த எண்ணிக்கையை மாற்றம் முடிந்த பிறகு தொடங்குகிறார்கள். அப்போது தெரிந்து பயன் இல்லை. எஞ்சினை (ஆட்டத்தை அலசும் செஸ் நிரலை) திறந்து வைத்துக்கொண்டு பழைய ஆட்டங்களைப் பார்க்கும் பழக்கம் இதற்கு உதவாது. அது பிழையைச் சிவப்பில் காட்டிவிடும். அந்த ஆட்டக்காரன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க விடாது. முதலில் எஞ்சின் இல்லாமல் 10 நிமிடம் பாருங்கள்.

டிங் ஒப்புக்கொண்ட நிலையையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளை ராஜா இ3, சிப்பாய் ஜி3, கறுப்பு ராஜா இ5, சிப்பாய்கள் எஃப்5, ஜி4, முறை வெள்ளைக்கு. வெள்ளை ராஜா டி3-க்குப் போனால் எஃப் சிப்பாயை உடனே எஃப்4-க்குத் தள்ளுங்கள். வெள்ளை வெட்டினால் ராஜாவால் திருப்பி வெட்டுங்கள். அது இ2-க்கு ஓடி வந்தாலும் உங்கள் ராஜா ஜி3-க்குப் போய்விடும், சிப்பாய் ராணியாகும். வெள்ளை ராஜா இ2-க்குப் பின்வாங்கினால் உங்கள் ராஜா இ4-க்கு வந்து மறுபடி நேருக்கு நேர் நிற்க வேண்டும். எஃப்2-க்குப் பின்வாங்கினால் மட்டும் கவனம்: அவசரப்பட்டு இ4-க்குப் போனால் வெள்ளை ராஜா இ2-க்கு வந்து அந்த நேரெதிர் நிலையைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும். முதலில் டி4-க்குப் போங்கள். வெள்ளை இ2-க்கு வந்ததும் இ4. அதன் பிறகு வெள்ளை ராஜா டி2-க்குப் போனால் நீங்கள் எஃப்3, எஃப்2-க்குப் போனால் நீங்கள் டி3. எந்தப் பக்கம் அது விலகினாலும் மறுபக்கமாக உள்ளே நுழைந்து ஜி3 சிப்பாயைப் பிடித்துவிடலாம். இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பத்து தடவை ஆடிப் பாருங்கள்.